வலி மிகும் இடங்கள்

இலக்கண வகுப்பிலே 'வலி மிகும் இடங்கள்', 'வலி மிகா இடங்கள்' என்னும் பகுதிகளைப் படியாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். இத்தலைப்பைக் கண்டவுடன், 'புணர்ச்சி விதிகளை இவன் ஆண்டு மலருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டானே' என்று அஞ்சித் தாளைப் புரட்டிவிட வேண்டா. யான் ஈண்டுக் கூறப்புகுவது எழுத்தின் வலியன்று, உடம்பின் வலியே. ஒற்றைத்தலைவலி உடையார் பலர்க்குத் தலையளவில் நில்லாது, முகம், கழுத்து, தோள், கை என உடம்பிற் பல இடங்களிலும், தொட்டால் நோகின்ற ஒரு நிலை உண்டாகின்றது. அந்நிலை யாது, அஃது எங்ஙனம் தோன்றுகின்றது, அதனை அறிதலால் வரும் பயன் என்ன என்பவற்றை, மருத்துவம் பயிலாத ஒரு தமிழ் மாணவன் தான் படித்தும் கேட்டும் உணர்ந்த அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரை. இதனை எழுதத் தூண்டிய ஒரு கடன் எனக்கு உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சேலம் நகருக்குத் தெற்கே ஜருகுமலையை அடுத்துள்ளது பனமரத்துப்பட்டி. சேலத்தார்க்குக் குடிநீர் வழங்கும்பொருட்டு 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற பெரிய ஏரியால் ஒரு காலத்தில் அவ்வூர் பேர்பெற்றிருந்தது. பின்னர் ஏரி வற்றிச் சீமைக்கருவேலம் மண்டிற்று. ஆயினும் சுற்றுப்புறத்துத் தோட்டங்களில் அரளியும் மல்லிகையும் சம்பங்கியும் விளைந்து சேலத்துப் பூச்சந்தைக்குச் செல்கின்றன. என் அத்தையார் அவ்வூரினர். விடியுமுன் எழுந்து அரும்பு பறிப்பதும், திண்ணையில் அமர்ந்து வாழைநாரிற் பூத்தொடுப்பதும் அவர்தம் அன்றாட வேலைகள். பள்ளி விடுமுறை தோறும் யான் அங்குச் செல்வது வழக்கம்.

திங்களில் மூன்று நான்கு நாள் அத்தையாரைத் திண்ணையிற் காண முடியாது. கூந்தல் முடிப்பை அவிழ்த்துவிட்டு, காதுத் தோட்டையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு, இருண்ட உள்ளறையிலே வெறுந்தரையிற் கிடப்பார். தலையணை வேண்டார். நாள் முழுதும் மல்லிகையோடு பழகுகின்றவர், அன்று மட்டும் பூக்கூடையை வீட்டிற்கு வெளியே வைக்கச் சொல்வார். சேலைத் தலைப்புத் தோளிற் பட்டாலும் நோகின்றதென்பார். சிறு குழந்தை ஓடிவந்து கையைப் பற்றினால் வீரிட்டு அலறுவார். வீட்டார் முதலில் இரங்கினர், பின்னர்ச் சலித்தனர், அதன்பின் 'தொட்டாற்சுருங்கி' என்று பெயரிட்டு நகைத்தனர். "தலைவலி எல்லார்க்குந்தான் வருகிறது, தலை வலித்தால் கை எதற்கு நோகும்?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றே எனக்கும் அப்போது தோன்றியது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, அத்தையார் நடிக்கின்றாரோ என்று சோதித்துப் பார்க்க எண்ணினேன். அவர் கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். யான் ஓசையின்றி உட்சென்று, ஒரு வாழைநாரால் அவர் முன்கையை மெல்லத் தடவினேன். தீப்பட்டவர்போல் அவர் கையை இழுத்துக்கொண்டார். கண்ணைத் திறந்து யார் என்று பார்த்தபின், "வேண்டாம் தம்பி" என்று மட்டும் கூறினார். என்னை ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. நடிப்பவர் எதிர்பாராத தொடுதலுக்கு அங்ஙனம் துடித்தல் இயலாது என்பது அச்சிறு வயதிலும் எனக்கு விளங்கிற்று. ஆயினும், விளங்கியதை வெளியிற் கூறும் துணிவு எனக்கு வரவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. சென்ற விடுமுறையில், சேலத்து நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அத்தையாரை அழைத்துச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அம்மருத்துவர் தலைவலியைப்பற்றிச் சில கேட்டபின், "ஏம்மா, வலி வந்திருக்கும்போது சீப்பு வைத்துத் தலைவார முடிகிறதா? பூ வைத்துக்கொள்ள முடிகிறதா? தலையணையில் படுத்தால் அந்தப் பக்கம் நோகிறதா? சங்கிலி உறுத்துகிறதா?" என்று ஒன்றன்பின் ஒன்றாய் வினவினார். அத்தையார் வியப்புடன், "ஆமாங்க, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியுங்க?" என்றார், உடனே கண்ணீர் விட்டார். தம் துன்பத்திற்கு மருத்துவ நூலில் ஒரு பெயர் உண்டென்பதை அவர் அன்றுதான் அறிந்தார். நிற்க.

இனி, அந்நோயின் இயல்பைக் காண்போம். ஒற்றைத்தலைவலி புதிய நோயன்று. தலையின் ஒருபாதியைப் பிளப்பதுபோன்ற நோயை வடமொழி மருத்துவ நூல்கள் அர்த்தாவபேதகம் என்று வழங்கின. கிரேக்கரும் 'பாதி மண்டை' என்னும் பொருள்படவே பெயரிட்டனர். அச்சொல்லே தேய்ந்து திரிந்து ஆங்கிலத்தில் மைக்ரேன் ஆயிற்று. மருந்து கொள்ளாவிடின் ஒரு தாக்குதல் 4 மணி முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும். பெரும்பாலும் தலையின் ஒருபக்கத்தில் நாடி துடிப்பதுபோல் விண்விண்ணென்று தெறிக்கும். நடந்தாலும் குனிந்தாலும் மிகும். குமட்டலும் வாந்தியும் உடன்வரும். ஒளியையும் ஓசையையும் பொறுத்தல் அரிதாகும். மணத்தையும் பொறுக்கமாட்டாதார் பலர். பூக்கூடை வெளியேறியதன் காரணம் இதுவே.

இஃது அரிதாகச் சிலர்க்கு வரும் நோய் என்று கருதுதலும் பிழை. பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலும் 18 முதல் 65 வயதுவரையுள்ள 2,329 பேரை வீடுவீடாகச் சென்று வினவி, 2015-இல் வெளியிடப்பெற்ற ஆராய்ச்சி ஒன்று, ஓராண்டுக் காலத்தில் நூற்றுக்கு 25 பேர்க்கு இந்நோய் இருந்ததென்று கண்டது. ஆடவரினும் பெண்டிரிடத்தும், நகரத்தாரினும் நாட்டுப்புறத்தாரிடத்தும் மிகுதியாய் இருந்ததென்றும் அது கூறுகின்றது. உலகளவில் 2019-ஆம் ஆண்டுக்குரிய நோய்ச்சுமைக் கணக்கின்படி, மாந்தரைச் செயலிழக்கச் செய்யும் நோய்களுள் இஃது இரண்டாவது. இளம் பெண்களை மட்டும் எடுத்துக்கொள்ளின் முதலாவது. ஆகவே, பனமரத்துப்பட்டியின் ஓர் உள்ளறையில் யான் கண்டது ஒரு வீட்டின் கதையன்று. நம் வகுப்பில் நூறுபேர் இருப்பின், அவருட் பலர் இதனை அறிந்தவராகவே இருப்பர்.

தலைவலியின்போது தலைத்தோல் நோகும் என்பதனை மருத்துவர் முன்னரே கண்டிருந்தனர். 1873-இல் இந்நோயைப்பற்றிப் பெருநூலொன்று வெளியிட்ட எட்வர்டு லிவிங் என்னும் ஆங்கில மருத்துவர் அதனைக் குறித்துள்ளார். ஆயினும் அதனை அளந்தறியும் முயற்சி நெடுங்காலம் நடைபெறவில்லை. சென்ற நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராமி பர்ஸ்டைன் என்பவரும் அவர்தம் துணைவரும் இப்பணியை மேற்கொண்டனர். வெப்பம், குளிர்ச்சி, அழுத்தம் ஆகிய மூன்றையும் சிறிது சிறிதாகத் தோலிற் செலுத்தி, எந்த அளவில் அது நோவாக மாறுகின்றது என்று, தலைவலி இல்லாத நாளிலும் உள்ள நாளிலும் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 42 நோயாளருள் 33 பேர்க்குத் தாக்குதலின்போது தோலின் தாங்கும் அளவு குறைந்திருந்தது. அவருட் பெரும்பாலோர்க்கு அது வலிக்கும் பக்கத்தளவில் நில்லாது, தலையின் மறுபக்கத்திற்கும் முன்கைக்கும் பரவியிருந்தது. தலை வலித்தால் கை எதற்கு நோகும் என்று எங்கள் வீட்டார் கேட்டனர் அன்றோ? கை நோகவே செய்கின்றது என்பதைக் கருவியைக்கொண்டு அளந்து காட்டியது அவ்வாராய்ச்சி.

இங்ஙனம், இயல்பாக நோவு தரலாகாத தொடுதல் நோவாக உணரப்படுதலை மருத்துவர் அலோடினியா என்பர். 'வேறு' என்னும் பொருளுடைய ஒரு கிரேக்கச் சொல்லும், 'நோவு' என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லும் சேர்ந்து அமைந்த பெயர் அது. தமிழில் அதனைத் 'தொடுநோவு' என்று யான் வழங்குகின்றேன். இதனினும் தக்க சொல்லைக் காண்பார் அதனையே கொள்க.

தொடுநோவின் தன்மையை விளக்கத்தான் இலக்கணத்தைத் துணைக்கழைத்தேன். 'ஓடிய குதிரை' என்புழி வலி மிகவில்லை. 'ஓடாக் குதிரை' என்புழி மிகுகின்றது. வருமொழி ஈரிடத்தும் அதே குதிரைதான். முதலெழுத்தும் அதே ககரந்தான். வேறுபட்டது நிலைமொழியே. நிலைமொழியின் தன்மை மாறியதனால், வந்து சேர்ந்த அதே எழுத்து ஓரிடத்தில் இயல்பாகவும் மற்றோரிடத்தில் மிகுந்தும் நின்றது. தொடுநோவும் இத்தகையதே. வாழைநார் எல்லார் கையிலும் படுகின்ற அதே வாழைநார். சீப்பும் அதே சீப்பு. அவை வந்து சேர்கின்ற நரம்பின் நிலைதான் மாறியிருக்கின்றது. தொடுபவன் வருமொழியை மட்டும் நோக்கி, 'இதில் வலி மிகுவதற்கு என்ன இருக்கிறது?' என்று கேட்கின்றான். நிலைமொழியை நோக்காது புணர்ச்சி கூறுதல் எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை அது.

நரம்பின் நிலை எங்ஙனம் மாறுகின்றது என்பதை இனிக் காண்போம். மூளையைச் சூழ்ந்து உறைகள் உள்ளன. மூளைக்குத் தன்னளவில் நோவுணர்ச்சி இல்லையாயினும், அவ்வுறைகளுக்கும் அவற்றிலோடும் குருதிக்குழாய்களுக்கும் அது மிகுதியாய் உண்டு. அவற்றினின்று செய்தி கொண்டுசெல்வது முக்கிளை நரம்பு. முகத்தினின்றும் நெற்றியினின்றும் உணர்ச்சியைக் கொண்டுசெல்வதும் அதுவே. தாக்குதல் தொடங்கியபின் அந்நரம்பின் நுனிகளில் சி. ஜி. ஆர். பி. என்னும் எழுத்துக்களாற் குறிக்கப்பெறும் புரதத்துணுக்கு முதலியன வெளிப்பட்டு, நரம்பைக் கிளர்ச்சியடையச் செய்கின்றன. இது முதற்படி. இப்படியில், நாடித் துடிப்பைப் போன்ற இயல்பான சிற்றசைவும் நரம்பிற்கு நோவாகின்றது. அதனாலேதான் தலை விண்விண்ணென்று தெறிக்கின்றது, இருமினாலும் குனிந்தாலும் மிகுகின்றது.

முக்கிளை நரம்பு கொண்டுவரும் செய்தி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலும் உள்ள இரண்டாம் அணி நரம்பணுக்களைச் சென்றடைகின்றது. மூளையுறையின் செய்தியும் முகத்தோல், தலைத்தோல் இவற்றின் செய்தியும் அங்கு ஒரே அணுவில் வந்து கூடுகின்றன. உறையிலிருந்து இடையறாது வரும் நோவுச் செய்தியால் அவ்வணுக்கள் கிளர்ந்தெழுந்தபின், தோலிலிருந்து வரும் சிறு தொடுதலும் அவற்றிற்குப் பெருநோவாகவே தோன்றுகின்றது. இஃது இரண்டாம் படி. சீப்பும் பூவும் தலையணையும் பகையாவது இங்கேதான். கழுத்து நரம்புகளின் செய்தியும் அவ்விடத்தே வந்து சேர்தலால், பிடரியும் கழுத்தும் உடன் நோகின்றன.

மூன்றாம் படியே உடம்பு முழுவதற்கும் உரியது. மூளையின் நடுவே தலாமஸ் என்னும் ஒரு பகுதி உண்டு. சூரமங்கலத்திலுள்ள சேலம் சந்திப்பிற்குச் சென்னை வழியும் ஈரோட்டு வழியும் விருத்தாசலத்து வழியும் நாமக்கல் வழியும் வந்து கூடுவதுபோல, தலையிலிருந்தும் கையிலிருந்தும் காலிலிருந்தும் வரும் தொடுவுணர்ச்சி வழிகள் அங்கு வந்து கூடிப் பின்னர் மேல்மூளைக்குச் செல்கின்றன. சந்திப்பிற்குள்ளே ஒரு குழப்பம் நேரின், நாமக்கல் வழியில் பழுதொன்றும் இல்லாதிருந்தும் அவ்வழியில் வரும் வண்டியும் தடுமாறுகின்றது. அங்ஙனமே, தலைநோவால் தலாமஸின் அணுக்கள் கிளர்ச்சியுற்றபின், பழுதேதும் இல்லாத கையிலிருந்து வரும் மெல்லிய தொடுதலும் அங்கு நோவாக மாறிவிடுகின்றது. நோவு கையில் உண்டாவதன்று. கையின் செய்தி நோவாகப் படிக்கப்படுகின்றது. பர்ஸ்டைன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தலாமஸின் பங்கு இதில் எத்தகையது என்பதனை விளக்கிற்று.

இப்படிகள் ஒரே கணத்தில் ஏறப்படுவன அல்ல. அக்குழுவினர் 42 வயதுடைய ஆடவர் ஒருவரைத் தாக்குதல் தொடங்கியது முதல் தொடர்ந்து சோதித்தனர். முதல் மணியின் இறுதியில் வலித்த பக்கத்துத் தோல் மட்டுமே கூர்மையுற்றது. இரண்டாம் மணியில் அது தலையின் மறுபக்கத்திற்கும், வலித்த பக்கத்து முன்கைக்கும் பரவிற்று. நான்காம் மணியளவில், முதலிற் பொறுக்க முடிந்த வெப்பமும் பொறுக்க முடியாததாயிற்று. படிப்படியாக ஏறுவது என்னும் இச்செய்தி மருந்திற்கு மிகவும் இன்றியமையாதது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தாக்குதல் நின்றபின் பலர்க்கு இந்நிலை தணிந்துவிடுகின்றது. ஆயினும் தலைவலி அடிக்கடி வருவாரிடத்தில், வலியில்லாத இடைநாட்களிலும் உடம்பின் தாங்கும் அளவு முற்றும் மீளாதிருத்தல் உண்டு. திங்களில் 15 நாள் அல்லது அதற்கு மேலும் தலைவலியாய், மூன்று திங்களுக்கு மேல் நீடித்து, அவற்றுள் 8 நாளாவது ஒற்றைத்தலைவலியின் இயல்போடு வருமாயின் அதனை நாட்பட்ட ஒற்றைத்தலைவலி என்பர். அத்தகையாரிடத்துத் தொடுநோவும் மிகுதி. தசைகளும் உடம்பும் பரவலாக நோகின்ற பைப்ரோமயால்ஜியா என்னும் நோயும் ஒற்றைத்தலைவலியுடையாரிடத்துப் பிறரினும் மிகுதியாய்க் காணப்படுகின்றது.

ஈண்டுக் கொல்லிமலையை நினையாமல் இருக்க முடியவில்லை. பனமரத்துப்பட்டிக்குத் தென்கிழக்கே, போதமலைக்கும் அப்பால் உள்ள அம்மலையிலே, 1914-இல், மிஷன் ஊழியர்களான ஆங்கிலப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார் பால் பிராண்டு. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவராக வந்த அவர், குட்டநோயாளரின் விரல்கள் தேய்ந்தழிவதன் காரணத்தை ஆராய்ந்தார். நோயே சதையை அரிப்பதாக மக்கள் நம்பியிருந்தனர். பிராண்டு கண்டதோ வேறு. நோய் நரம்பைக் கெடுத்தமையால் நோவுணர்ச்சி அற்றுப்போகின்றது. அது அற்றமையால், சுடுகலத்தைப் பற்றியதும் ஆணி தைத்ததும் அறியாமல், காயத்தின்மேற் காயம் பட்டு உறுப்பு அழிகின்றது. நோவு உடம்பிற்குக் காவல் என்பதை உலகிற்கு வற்புறுத்திய அவர், 1993-இல் தாம் பிறருடன் சேர்ந்து எழுதிய நூலுக்கு, 'எவரும் விரும்பாத கொடை' என நோவையே குறித்துப் பெயரிட்டார்.

நோவு இன்மையால் வரும் கேட்டைக் கண்டவர் அவர். தொடுநோவு அதற்கு மறுதலையானது. காவலன் உறங்கியதால் வரும் கேடு அது. காவலன் வீட்டாரையும் கள்வரென்று எண்ணிக் கூவுவதால் வரும் துன்பம் இது. ஆயினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. குட்டநோயாளரைத் 'தம்மைத் தாமே பேணத் தெரியாதவர்' என்று உலகம் இகழ்ந்தது. தொடுநோவுடையாரை 'ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குவோர்' என்று இகழ்கின்றது. ஈரிடத்தும், நரம்பிலுள்ள குறை குணத்திலுள்ள குறையாகக் கொள்ளப்பட்டது.

தொடுநோவு உண்டா என்று அறிய அச்சந்தரும் சோதனைகள் வேண்டுவதில்லை. பன்னிரண்டு வினாக்கள் அமைந்த ஒரு பட்டியலை மருத்துவர் கையாளுகின்றனர். தலைவாருதல், கூந்தலை இழுத்துக் கட்டுதல், முகமழித்தல், மூக்குக் கண்ணாடி அணிதல், கண்ணில் ஒட்டுவில்லை வைத்தல், காதணி, கழுத்தணி, இறுக்கமான உடை, நீர்த்தூவலிற் குளித்தல், தலையணையில் முகம் சாய்த்தல், அடுப்பருகு நிற்றல்போன்ற வெப்பம், முகத்திற் படும் குளிர்ச்சி ஆகிய இவை, வலியுள்ளபோது நோவையோ எரிவையோ தருகின்றனவா என்பதே கேள்வி. ஒவ்வொன்றிற்கும் இல்லையெனின் அல்லது அரிதெனின் 0, சிற்சிலபோது எனின் 1, பாதி வேளைகளிலோ அதற்கு மேலோ எனின் 2 என மதிப்பிட்டுக் கூட்டுவர். 3-க்குக் குறையின் தொடுநோவு இல்லை. 9-உம் அதற்கு மேலும் ஆயின் கடுமையானது. அமெரிக்காவில் ஒற்றைத்தலைவலியுடையார் 11,388 பேரிடம் இவ்வினாக்களைக் கேட்டு 2008-இல் வெளியிட்ட கணக்கில், நூற்றுக்கு 63 பேர்க்குத் தொடுநோவு இருந்தது. எங்கள் வீட்டில் விந்தையென்று கருதப்பட்டது, இந்நோயுடையாரிற் பாதிக்கு மேற்பட்டார் அறிந்த செய்தி.

நம் நாட்டுப் பெண்டிர்க்கே உரிய ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். மும்பையில் தலைவலி மருத்துவம் செய்துவந்த கே. ரவிசங்கர் என்னும் மருத்துவர், தலைமுழுகுதலே தாக்குதலைத் தூண்டுகின்றதாகக் கூறிய இந்திய நோயாளர் 94 பேரைப்பற்றி 2006-இல் எழுதினார். இது தொடுநோவன்று, தாக்குதலைத் தொடங்கிவைக்கும் காரணம். ஆயினும் இரண்டும் ஒரு பாடத்தையே கற்பிக்கின்றன. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய மகள் மாலையில் தலைவலி என்று படுத்தால், 'வேலைக்கு அஞ்சுகிறாள்' என்னாது, என்ன செய்தபோது வந்தது என்று கேட்டுக் குறித்துவைத்தல் அறிவுடைமை. பிற நாட்டார் வகுத்த பட்டியலில் தலைமுழுக்கும் பூவும் மூக்குத்தியும் இல்லாதிருக்கலாம். நம் வீடுகளில் அவை உண்டு.

இனி, இவற்றை அறிதலால் வரும் பயன். முன்னர்க் கூறியபடி, நோவு படிப்படியாக ஏறுவது. ஆகவே, மருந்து எப்போது கொள்ளப்படுகின்றது என்பதும், எந்த மருந்து என்பதைப்போலவே முதன்மையானது. ஒற்றைத்தலைவலிக்கென்றே அமைந்த திரிப்டான் வகை மருந்துகளைப் பர்ஸ்டைன் குழுவினர் ஒரு சிறிய ஆராய்ச்சியிற் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். தொடுநோவு தோன்றாத தாக்குதல்களில் நூற்றுக்கு 93-இல் இரண்டு மணிக்குள் வலி முற்றும் நீங்கிற்று. தொடுநோவு நிலைத்துவிட்ட தாக்குதல்களில் நூற்றுக்கு 15-இல் மட்டுமே நீங்கிற்று. 'பொறுத்துப் பார்ப்போம், தாங்க முடியாவிட்டால் மாத்திரை போடுவோம்' என்று நம் தாய்மார் பலர் எண்ணுகின்றனர். பொறுமை நற்குணமே, ஆயின் இந்நோயில் அப்பொறுமையே மருந்தின் ஆற்றலைக் குறைத்துவிடுகின்றது. என் அத்தையார் ஒவ்வொரு முறையும் பூவேலையை முடித்துவிட்டே படுத்தார். அதற்குள் மூன்றாம் படியும் ஏறியிருக்கும்.

ஆயினும், விரைந்து மருந்து கொள்க என்பதனை அடிக்கடி கொள்க என்று பொருள்கொள்ளல் ஆகாது. சாதாரண வலிமாத்திரையைத் திங்களில் 15 நாளோ அதற்கு மேலோ, திரிப்டானையும் கூட்டுமாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று திங்களுக்கு மேல் உட்கொண்டுவரின், அம்மருந்தே தலைவலியை வளர்ப்பதாகும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் பழக்கத்தால் இவ்விடருட் படுவார் பலர். தாக்குதல் அடிக்கடி வருமாயின் நாள்தோறும் கொள்ளும் தடுப்பு மருந்துகள் உண்டு. ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் முதலியன அவ்வகையின. ஒருவர்க்கு ஆவது மற்றொருவர்க்கு ஆகாது. ஆஸ்துமா உடையார்க்கு ப்ரோப்ரனலால் ஆகாது. கருவுற்றார்க்கு டோபிரமேட் ஆகாது. மருத்துவரே ஆராய்ந்து தருதல் வேண்டும். முன்னர்க் கூறிய சி. ஜி. ஆர். பி.-யைத் தடுக்கும் புதிய ஊசிமருந்துகளுள் முதலாவது 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவ்வழியைக் காட்டிய அறிஞர் நால்வர்க்கு 2021-இல் மூளையாராய்ச்சிக்குரிய உயர்ந்த பரிசு டென்மார்க்கில் வழங்கப்பெற்றது. குறித்த வேளையில் உறக்கமும் உணவும், தூண்டுவன எவையென்று நாட்குறிப்பெழுதுதலும் செலவில்லாத துணைகள். திடீரென்று இதுவரை காணாத கடுமையுடன் வரும் தலைவலியும், காய்ச்சலோ கழுத்து விறைப்போ கைகால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ உடன்வரும் தலைவலியும் வேறு வகையின. அவற்றிற்குக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

நோயாளியைச் சூழ்ந்திருப்போர் செய்ய வேண்டுவதும் ஒன்றுண்டு. நோவை ஆராயும் அனைத்துலகச் சங்கம் 2020-இல் நோவு என்பதற்குத் தான் வகுத்த இலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகின்றதென்று கூறின் அக்கூற்றை மதித்தல் வேண்டும் என்பதனையும் உடன் குறித்தது. நோவை அளக்கும் கருவி எல்லா வீட்டிலும் இராது. நோகின்றவரின் சொல் எல்லா வீட்டிலும் உண்டு. மாணவர் விடுதியிலே, ஓர் அறைத்தோழன் விளக்கை அணைக்கச் சொல்லிப் போர்வையையும் தள்ளிவிட்டுக் கிடக்கும் நாளில், அவனை உலுக்கி எழுப்பி நகையாடுவதை நாம் விளையாட்டாகக் கருதுகின்றோம். அவன் நிலைமொழி அன்று மாறியிருக்கின்றது என்பதை நினைவிற்கொள்க. தோளைத் தட்டி ஆறுதல் கூறுதலும் அவ்வேளையில் வேண்டா. ஆறுதலைச் சற்று அகன்று நின்று சொல்லினும் போதும்.

என் அத்தையார்க்கு இப்போது நோவு முற்றும் நீங்கிவிடவில்லை. தாக்குதல்கள் குறைந்திருக்கின்றன, தொடக்கத்திலேயே மருந்து கொள்கின்றார். அவர் கூந்தலை அவிழ்ப்பதைக் கண்டால், வீட்டார் கேளாமலே பூக்கூடையை வெளியிற் கொண்டுபோய் வைக்கின்றனர். தொட்டாற்சுருங்கி என்னும் பெயரை இப்போது எவரும் சொல்வதில்லை. மருத்துவரைக் கண்டு திரும்பிய அன்று, பேருந்தில், வாழைநாரின் செய்தியை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் மறக்கவில்லை. "நீ சின்னப் பிள்ளை தம்பி, உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

இப்போது தெரியும். ஆதலின் எழுதினேன்.